திடலும் தடாகமும்

சங்கச் சான்றோருள் தொடித்தலை விழுத்தண்டினார் என்பாரைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். தடியூன்றி நடக்கும் முதுமையில், தம் இளமைப் பொழுதொன்றை நினைந்து இரங்கியவர் அவர். நீர்த்துறையில் தாழ்ந்து நின்ற மருதமரக் கொம்பில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்ந்த மடுவில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டிய பொழுது அது. கழிந்துபோன வலிமைக்கு அடையாளமாக அப்புலவர் வாளையும் வில்லையும் நாடாமல், நீருக்குள் அடக்கிய மூச்சினை நினைத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வையைப் புனலாட்டைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. கொற்கைத் துறையில் முத்துக் குளித்தோர் புகழ் யவன நாடு வரை எட்டியிருந்தது. நீரோடு இத்துணை நெருங்கி வாழ்ந்த ஓர் இனத்தார், கடல் கடந்து மலாயாவில் குடியேறிய பின்னர் ஓட்டத்தில் பெற்ற புகழை நீச்சலில் பெறாமற் போனது ஏன்? ஓட்டப் பயிற்சியும் நீச்சற் பயிற்சியும் ஒன்றோடொன்று இணைந்து வளர்ந்த வரலாற்றை ஆராய்வோர்க்கு, இவ்வினாவைத் தாண்டிச் செல்வது அரிது.

விடையின் ஒரு பகுதி காஜாங் வட்டாரத்து மண்ணிலேயே கிடக்கிறது. காப்பிப் பயிர் தளர்ந்த 1890களில், இந்நாட்டில் ரப்பரை வாணிபப் பயிராக முதன்முதல் நட்டவர்களுள் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்துக் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் இருந்தனர். 1897இல் இருப்புப்பாதை வந்தது. அதன் வழியே தமிழ்த் தொழிலாளர் வந்தனர். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய ஆங்கிலப் படைவீரர் சிலர் 1921இல் காட்டை அழித்துத் தொடங்கிய தோட்டத்துக்குப் ‘பெருபோர்’ எனப் பொருள்படும் பிராங் புசார் என்னும் மலாய்ப் பெயரே இடப்பட்டது. இன்றும் உலக ரப்பர் தோட்டங்களில் பி.பி. என்னும் முன்னெழுத்தோடு வழங்கும் ஒட்டுமர வகைகள், பி.பி. 86 முதலியன, அத்தோட்டத்து ஆய்வு நிலையத்தில் பிறந்தவை. மரத்தின் பெயர் உலகெங்கும் பரவியது. அதைச் சீவியவர் பெயர் பதிவேட்டோடு நின்றது.

தோட்டம் என்றால் அதன் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. லயன் வீடுகள், கோயில், பள்ளிக்கூடம், அதன் முன்னே ஒரு திடல். ஓடுவதற்கு அத்திடல் போதும். காலணி கூட வேண்டியதில்லை. நீந்துவதற்கு வேண்டிய குளமோ, இருந்த இடங்களில் துரைமார் மன்றத்தின் வேலிக்குள் இருந்தது. ஆற்றிலும், ஈயம் வெட்டி எடுத்தபின் கைவிடப்பட்ட குட்டைகளிலும் பிள்ளைகள் இறங்கியதுண்டு. ஆனால் அது பயிற்சியாக மதிக்கப்படவில்லை, அடிவாங்கத்தக்க குறும்பாகவே கருதப்பட்டது. அக்குட்டைகளின் கரை செங்குத்தாக இறங்கி, இரண்டடி எடுத்து வைப்பதற்குள் ஆளை விழுங்கிவிடும். அவற்றில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் தம் மற்றப் பிள்ளைகளை நீருக்கு அருகில் விடாமற் காத்தனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் நீந்தத் தெரியாத தலைமுறை நீந்தத் தெரியாத தலைமுறையையே வளர்த்தது.

ஓட்டத்தில் வந்த பயன் கண்கூடு. கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன் 1960இல், தம் 16ஆம் வயதில், ரோம் ஒலிம்பிக்கில் ஓடினார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். 1966இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம். அதே விளையாட்டுகளில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் எம். இராஜாமணி. நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை என்னும் விருதுகள் அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பெற்றபோது, அவற்றைப் பெற்றவர்கள் இவ்விருவருமே. 1968இல் மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் கடந்தார். அந்தத் தேசியச் சாதனையை 2017 வரை, 49 ஆண்டுகள், எவரும் முறியடிக்கவில்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுகளில் 50 கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் பெற்றார். திடல்தடப் பட்டியல் இவ்வாறு நீளும். நீச்சற் பட்டியலில் தமிழ்ப் பெயர்களைத் தேடினால் நெடுநேரம் தேடவேண்டியிருக்கும்.

இனி, இரு பயிற்சிகளையும் ஒன்றாக இணைத்தல் கூடுமா என்னும் கேள்விக்கு வருவோம். பயிற்றுநர் உலகம் அவற்றை நெடுங்காலம் பகைவராகவே வைத்திருந்தது. நீச்சல் ஓட்டக்காரனின் தசைகளை இளகச் செய்துவிடும் என்று ஒரு சாரார் கூறினர். ஓட்டம் நீச்சற்காரனின் கணுக்காலை இறுக்கிவிடும் என்று மறுசாரார் கூறினர். இவற்றுள் முதற்கூற்றுக்குப் பெரிதும் ஆதாரமில்லை. இரண்டாவதில் ஓரளவு உண்மை உண்டு. தரையை உதைத்து எழும்ப ஓட்டக்காரனுக்கு உறுதியான கணுக்கால் வேண்டும். நீந்துவோனுக்கோ பாதம் மீன்வால் போல் பின்னோக்கி நீள வேண்டும். இறுகிய கணுக்காலுடன் நீரை உதைக்கும் ஓட்டக்காரர் சிலர், பலகையைப் பற்றிக்கொண்டு கால்களை அடித்தால் முன்னேறாமல் அங்கேயே நிற்பதும், சில வேளை பின்னோக்கி நகர்வதும் பயிற்றுநர் அடிக்கடி காணும் காட்சி.

மூச்சும் அத்தகையதே. ஓடுபவன் வேண்டியபோது மூச்சு வாங்கலாம். நீந்துபவன் கைவீச்சின் ஒழுங்குக்கு ஏற்ப முகம் திரும்பும் கணத்திலேயே வாங்க வேண்டும். மைல் கணக்கில் ஓடுபவன் முதன்முறை தடாகத்தில் இறங்கி, ஒரு கோடியிலிருந்து மறுகோடி சேர்வதற்குள் இளைத்துப்போவது நெஞ்சில் வலிமை இல்லாமையால் அன்று, நீருக்குள் மூச்சை விட்டுவிடக் கல்லாமையால்.

உடலியல் அறிஞர் இதனை அளந்தும் பார்த்தனர். உடல் ஒரு நிமிடத்தில் ஏற்றுப் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவே நெடுநேர உழைப்பின் அளவுகோல். 1975இல் அமெரிக்காவில் மேகல் என்பாரும் அவர்தம் குழுவினரும், இளைஞர் சிலரை நாளுக்கு 1 மணி நேரம், வாரத்துக்கு 3 நாள், 10 வாரம் நீந்த வைத்தனர். நீந்தும்போது அளந்தால் அவ்வுச்ச அளவு ஏறத்தாழ 11 விழுக்காடு உயர்ந்திருந்தது. அதே இளைஞரை ஓடவிட்டு அளந்தபோது உயர்வு 1.5 விழுக்காடு மட்டுமே, பொருட்படுத்தத்தக்கதன்று. மூன்றாண்டுக்குப் பின் அதே வட்டத்து ஆய்வாளர் ஓட்டப் பயிற்சியைக் கொண்டு சோதித்தபோது, ஓட்டத்தில் 6 விழுக்காட்டுக்கு மேலும் நீச்சலில் 3 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் உயர்வு காணப்பட்டது. நெஞ்சு ஒன்றாயினும் தோளுக்குக் கற்பித்ததைத் தொடை அறியாது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். ஆகவே ஓட்டத்தால் நீச்சலையோ நீச்சலால் ஓட்டத்தையோ ஈடுசெய்ய இயலாது. இரண்டிலும் தேற விரும்புவோன் இரண்டையும் பயின்றே ஆகவேண்டும்.

அப்படியாயின் இணைப்பதால் பயன் என்ன? ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் மோதுகிறது. எலும்பு உறுதிப்படுவதும் அம்மோதலால்தான், முழந்தாளும் கீழ்க்காலும் நோவெடுப்பதும் அதனால்தான். நீர் உடலைத் தாங்குகிறது, மோதல் இல்லை. இளைப்பு மட்டும் இருக்கிறது. கால் நொந்த ஓட்டக்காரர், இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, தரை தொடாத ஆழத்தில் நின்றபடி ஓடும் முறை இன்று பல நாடுகளில் வழக்கில் உள்ளது. ஓடிக் களைத்த மறுநாள் நீந்துவதால் நெஞ்சுக்கு வேலையும் காலுக்கு ஓய்வும் ஒருங்கே கிடைக்கின்றன. நீச்சலையே நம்பியிருப்போர்க்கும் தரையோட்டம் தேவைப்படுகிறது. எலும்புக்கு வேண்டிய சுமையை நீர் தருவதில்லை.

இணைப்பை முதலில் போட்டியாக வகுத்தவர், புதுக்கால ஒலிம்பிக்கை நிறுவிய கூபர்தான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அரங்கேறிய ஐம்போட்டியில் சுடுதல், வாட்போர், குதிரையேற்றம் ஆகியவற்றோடு 300 மீட்டர் நீச்சலும் 4,000 மீட்டர் நாட்டுப்புற ஓட்டமும் இருந்தன. பகைவர் நிலத்தில் சிக்கிய படை அலுவலன் எவ்வாறேனும் தப்பி மீளவேண்டும் என்பதே அதன் கற்பனை. ஆதலின் அது நெடுங்காலம் படையாளரின் விளையாட்டாகவே இருந்தது. எளியோர் கைக்கு எட்டவில்லை.

எளியோர் கைக்கு அது எட்டியது அமெரிக்கக் கரையோர ஓட்டக் கழகங்களின் வழியாக. 1974 செப்டம்பர் 25ஆம் நாள் சான் டியாகோ நகரின் மிஷன் குடாவில், ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு மாலைப் போட்டி நடத்தப்பட்டது. வந்தவர் 46 பேர். அவர்களுள் கடற்படை அலுவலர் ஜான் காலின்ஸும் அவர் துணைவியார் ஜூடியும் இருந்தனர். பின்னர் இத்தம்பதியர் ஹவாய்த் தீவுக்கு மாற்றலாகிச் சென்றனர். அங்கே 1977இல் ஒரு தொடரோட்டப் போட்டியின் பரிசளிப்பு விருந்தில், ஓட்டக்காரர் வலியரா, நீச்சற்காரர் வலியரா என்று ஒரு வழக்கு எழுந்தது. பட்டிமன்றம் கண்ட தமிழர்க்கு இத்தகைய வழக்கு புதிதன்று. ஆனால் அங்கே நடுவர் தீர்ப்பை வாயால் கூறவில்லை. தீவில் ஏற்கெனவே நடந்துவந்த 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பயணம், 42.195 கிலோமீட்டர் நெடுந்தொலை ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முடித்துக் காட்டுமாறு காலின்ஸ் அறைகூவினார். ‘இரும்பு மனிதன்’ என்னும் பெயரும் அவர் இட்டதே.

1978 பிப்ரவரி 18ஆம் நாள் கடலில் இறங்கியவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். நீரைவிட்டு எழும்போது ஜான் டன்பார் என்பார் கார்டன் ஹாலரைவிட ஏறத்தாழ 20 நிமிடம் முந்தியிருந்தார். மிதிவண்டியில் ஹாலர் இடைவெளியைச் சுருக்கினார். ஓட்டத்தில் எட்டிப் பிடித்தார். டன்பாரின் உதவியாளர் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோக, அவருக்குப் பியர் கொடுத்தார்களாம். அது வழக்கின் நியாயத்தைப் பாதித்ததா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும். ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். தீர்ப்பு ஓட்டக்காரர் பக்கம் சாய்ந்தது போலத் தோன்றினும், உண்மையில் வென்றது மூன்றையும் பயின்ற உடலே. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம் என்னும் அளவுகளோடு அது ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. அதே ஆண்டில் லங்காவித் தீவில் மலேசியாவின் முதல் ‘இரும்பு மனிதன்’ போட்டியும் நடைபெற்றது.

ஹவாயில் 15 பேர் கூடிய மறு ஆண்டு, 1979 மே மாதம், கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி ஒரு தமிழர் 187 மணி 28 நிமிடம் இடையறாது மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வல்வெட்டித்துறை விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். வழக்கறிஞர். தமிழ்மக்கள் அவருக்கு வழங்கிய பெயர் ஆழிக்குமரன்.

பாக்கு நீரிணையை நீந்தும் மரபு ஈழத்து வடகரைக்கு உரியது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் முதன்முதலாக அதனைக் கடந்தார். வங்கத்து மிகிர் சென் 1966இல் கடந்தார். ஆனந்தன் 1971இல் தமிழகக் கரை சேர்ந்ததும் நில்லாமல், திரும்பவும் நீந்தி ஈழக்கரை ஏறினார். போகவும் வரவும் ஆன நேரம் 51 மணி. இரண்டு பகலும் இரண்டு இரவும் கடந்த காலம் அது. 1980இல் ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றார். 1981இல் சென்னை அண்ணா நீச்சற்குளத்தில், தரையைத் தொடாமல் 80 மணி நேரம் நீரில் மிதித்து நின்றார். கின்னஸ் ஏட்டில் அவர் பெயர் பலமுறை ஏறியது.

இச்சாதனைகளை வெறும் வேடிக்கை எனத் தள்ளியவரும் உண்டு. அது நியாயமன்று. கடல் நீச்சற்காரர் ஒருவர் தம் கால்களைத் தரையில் நாட்கணக்காக உழைக்க வைத்தார்; பின்பு நீருக்குத் திரும்பினார்; மீண்டும் தரைக்கு வந்தார். நீர், நிலம் இரண்டிலும் ஒரே மனிதனின் பொறுமை எந்த எல்லை வரை செல்லும் என்று அவர் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக் கண்டார். ஹவாயில் ஒரு கூட்டம் ஒரு நாளில் தேடிய விடையை அவர் தனியொருவராகப் பத்தாண்டுகள் தேடினார். வேறுபாடு என்னவென்றால், அங்கே அத்தேடல் ஒரு விளையாட்டாக வளர்ந்து கழகங்களும் விதிகளும் பெற்றது. இங்கே ஒரு மனிதரின் புகழாக நின்றது.

அவருடைய இறுதி முயற்சி ஆங்கிலக் கால்வாய். பாக்கு நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. கால்வாயின் நீரோ ஆகஸ்டிலும் 16 முதல் 18 பாகை அளவே இருக்கும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டை ஈர்த்துவிடும். குளிருக்கு உடலைப் பழக்கும் பயிற்சியைத் தரையிலும் பெற முடியாது, வெப்பக் கடலிலும் பெற முடியாது. குளிர் நீரில் வாரக்கணக்காக இறங்கியே பெறவேண்டும். 1984 ஆகஸ்டு 6ஆம் நாள் அக்கால்வாயை நீந்தும் முயற்சியில் ஆனந்தன் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 41. பின்னாளில் இலங்கை அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. பத்தாண்டு கழித்து, 1994இல், ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் என்னும் 12 வயதுச் சிறுவன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தான். அச்சிறுவனுக்கு நீச்சற்குளமும் பயிற்றுநரும் வாய்த்திருந்தனர் என்பதை மறக்கலாகாது.

இந்நாட்டில் ஓட்டத்தையும் நீச்சலையும் தம் வாழ்வில் இணைத்துக் காட்டியவர் ஜெகதீசனே. அவரது இணைப்பு ஆனந்தனுடையது போன்றதன்று. மருத்துவரானதும் ஓட்டக் களத்தை விட்டு, மருத்துவ ஆய்வுத்துறையில் உயர் பொறுப்புகள் வகித்த அவர், முதுமையில் நீச்சலை மேற்கொண்டார். எழுபது வயதைத் தாண்டிய பின் மூத்தோர் நீச்சற் போட்டிகளில் கலந்து பதக்கங்களும் பெற்றார். விரைவோட்டக்காரனின் தசைநார்கள் வயதோடு முதலில் தளர்பவை. அத்தளர்ச்சியை வன்மையாகத் தாக்காமல் நெஞ்சையும் தோளையும் உழைக்க வைப்பது நீர் ஒன்றே. ஒரு மருத்துவர் இதனைத் தேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. முதுமையில் இழந்த மடுவை நினைந்து இரங்கிய சங்கப் புலவரைக் கண்டோம். இவரோ முதுமையில்தான் மடுவுக்குள் இறங்கினார்.

ஆனால் அவர் ஒருவர். தோட்டத்துத் திடலில் அவரைப் போல் ஓடத் தொடங்கிய பல்லாயிரம் பிள்ளைகளுக்கு எழுபதிலும் குளம் வாய்க்கவில்லை, ஏழிலும் வாய்க்கவில்லை. 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் புக்கிட் ஜாலிலில் தேசிய நீச்சல் மையம் எழுந்தது. காஜாங்கிலிருந்து அது தொலைவும் இல்லை. பேருந்துக் கட்டணமும், உடன் செல்ல ஒரு பெரியவரும், பெண்பிள்ளைக்கு நீச்சலுடை பற்றிய வீட்டாரின் இசைவும் இருந்தால் எட்டிவிடலாம். தமிழ்ப்பள்ளிகளில் குறுக்கோட்டமும் திடல்தடப் போட்டியும் ஆண்டுதோறும் தவறாது நடப்பதும், நீச்சல் பெரும்பாலும் பெயரளவில் நிற்பதும் இக்காரணங்களால்தான். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்பது பொருந்தாக் கூற்று.

பிராங் புசார் தோட்டத்தின் கதை இன்னும் முடியவில்லை. 1990களில் அத்தோட்டமும் அண்டையிலிருந்த செஜ்லி, கேலவே, மேடிங்லி தோட்டங்களும் நாட்டின் புதிய ஆட்சித் தலைநகருக்காக எடுத்துக்கொள்ளப்பட்டன. பால்மரங்கள் விழுந்தன. லயன்களில் வாழ்ந்த குடும்பங்கள் டிங்கிலில் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. ஓடைகளை மறித்து ஏறத்தாழ 400 ஹெக்டேர் பரப்பில் ஒரு செயற்கை ஏரி அமைக்கப்பட்டது. புத்ராஜெயா 2001இல் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. 2017இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுகளின்போது நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த போட்டிக்கு அந்த ஏரியே களமாயிற்று. ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் தங்கம் பிலிப்பீன்சுக்குச் சென்றது. வீரர்கள் நீந்திய நீருக்கு அடியிலும் ஓடிய சாலைக்கு அடியிலும் கிடந்தது, நான்கு தலைமுறைத் தமிழர் விடியுமுன் எழுந்து வெறுங்காலோடு நிரை நிரையாக நடந்த மண்.

டிங்கில் அடுக்குமாடியிலிருந்து அவ்வேரிக் கரைக்கு வண்டியில் போனால் அரைமணி நேரம்கூட ஆகாது. கரையில் ஓடுவதற்குப் பாதை உண்டு, கட்டணம் இல்லை. விடுமுறை நாட்காலையில் அங்கே ஓடுவோரில் தமிழ்ப்பிள்ளைகளைக் காணலாம்.